ஐம்பது வாட்டுக்குப் பக்கத்தில்

காசிமேடு ஹவுசிங் போர்டு, 'சி' பிளாக் மொட்டைமாடி.
இரண்டு தண்ணீர் டாங்கிகளுக்கு நடுவே
எத்திராசின் ஆன்டெனா.
அதற்குப் பன்னிரண்டு அடி தள்ளி
என்னுடையது.

அவர் பேசுகிறவர்.
மின்வாரியத்தில் லைன்மேன். வேலை முடிந்து லுங்கிக்கு மாறியதும்
மைக்கைப் பிடித்தால் காஞ்சிபுரம், நெல்லூர்,
மேகம் தாழ்ந்த நாளில் இன்னும் தள்ளி.
நான் கேட்கிறவள்.
என் ஸ்கேனருக்கு வாயே கிடையாது.
எண்களை மேய்ந்துகொண்டே போகும்,
எங்காவது ஒரு படகு இருமினால் நிற்கும்.
தம்பி தேசப்பன் கடலுக்குப் போன ராத்திரிகளில்
அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன்,
மறுநாள் கடைக்கு.

கார்த்திகை. காற்று திரும்பிய வாரம்.
மூன்று ராத்திரி ஒரு குரலும் இல்லை.
இரைச்சல் மட்டும், வழக்கம்போல்,
தகரத்தில் சாரல் விழுகிற மாதிரி.
கடல் சும்மாதான் இருக்கு என்று அம்மாவிடம் சொன்னேன்.
அம்மா விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினாள்.

நாலாம் நாள் காலை, உப்புப் பூத்த கையோடு
வாசலில் நின்று கேட்டான்:
"இன்ஜின் நின்னுபோயி எவ்ளோ வாட்டி கத்தினேன்.
தூங்கிட்டியா?"

ரிச்சி தெருவில் பெட்டியைத் திறந்த பையன்
தலை நிமிராமல் சொன்னான்,
"முன்வாசல் டிரான்சிஸ்டர் போயிடுச்சுக்கா.
பக்கத்துல யாரோ செமத்தியா ஊதியிருக்காங்க."
ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாய்க் கிள்ளி
அதில் ஒரு துணுக்கைக் கேட்கப் பிறந்தது அது.
கருகல் இல்லை, வாசனை இல்லை.
செவிடானது தனக்கே தெரியாமல்
இரைந்துகொண்டுதான் இருந்தது.
அம்மாவை நான் தூங்கவைத்தது
அந்த இரைச்சலை வைத்து.

எத்திராசிடம் சண்டை போடத்தான் படியேறினேன்.
அவர் கண் இன்னும் சிவந்திருந்தது.
மூன்று ராத்திரியும் பழவேற்காட்டுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே
கரை திரும்பாத படகுகளின் எண்களை
வாசித்துக்கொண்டிருந்தாராம்.
எண்கள்தான், பேர் கிடையாது.
தேசப்பனின் எண் அதில் இருந்ததா என்று
நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கிட்ட இருந்தால் முட்டப்பகை.
முதல் வேலையாக என் கம்பியை இறக்கி
மாடியின் தெற்கு மூலைக்கு,
லூர்து அக்காவின் கொடிக்கயிற்றுக்கு அப்பால், நாற்பது அடி.
பிறகு ஐந்து ரூபாய்க்கு இரண்டு டயோடு,
ஒன்றின் தலை மற்றதன் கால் பக்கம் இருக்க,
ஆன்டெனா நுழையும் இடத்தில் எர்த்தோடு சேர்த்துப் பற்றவைத்தேன்.
முணுமுணுப்புக்கு அவை அசையாது.
யாராவது கத்தினால்
கத்தலைத் தரைக்குத் தள்ளிவிடும்.

"அது மட்டும் பத்தாதும்மா" என்றார்.
அவருடைய மைக் பொத்தானிலிருந்து ஒரு ஒயர்,
டாங்கிகளைச் சுற்றி, மழைநீர்க் குழாயோடு இறங்கி,
என் ஜன்னலில் ஒரு ரிலே.
அவர் அழுத்தினால் டிக்,
என் ஆன்டெனா என்னைவிட்டு விலகும்.
விட்டால் மறுபடி டிக்.
கரண்ட் போனாலும் விலகியே நிற்கும்படி
முனைகளை மாற்றிக் கட்டினார்.

ஆக அவர் பேசுகிற நேரமெல்லாம் நான் செவிடு,
இந்த முறை தெரிந்தே.
"அந்த நேரம் பாத்து அவன் கூப்பிட்டா?"
அவர் பதில் சொல்லவில்லை.
சால்டரிங் கம்பியின் நுனியை ஈரத் துணியில்
ரொம்ப நேரம் துடைத்தார்.

இப்போது தை.
அவர் ஒரு வாக்கியம் பேசுகிறார்,
பத்து எண்ணும் அளவு சும்மா இருக்கிறார்,
மறுபடி ஒரு வாக்கியம்.
உங்க செட்டுல கோளாறா என்று நெல்லூர்க்காரர்கள் கேட்கிறார்களாம்.
"ஆமாங்க, வயசாயிடுச்சு."

அந்தப் பத்துக்குள் கத்தியை நிறுத்திக் கேட்கிறேன்.
முகத்துவாரம் தாண்டும்போது தேசப்பன்
ஒரு தடவை பொத்தானை அழுத்தி விடுவான்,
ஒன்றும் பேசாமல்.
அந்தக் கீறல் விழாத ராத்திரி
இரைச்சலை நான் நம்புவதில்லை.